மாரியம்மன் கோயில் நாற்காலியில் ஞாயிறு ஆராதனை

போர்ட்டிக்சனுக்குக் கடல் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் தெலுக் கெமாங்கோடு நின்றுவிடுவார்கள். கூட்டம் பிடிக்காதவர்கள் பாசிர் பாஞ்சாங் வரை போவார்கள். அதற்கு மேல் ஐந்தாம் எண் கூட்டரசு சாலை கடலை விட்டு உள்ளே திரும்புகிறது. பெங்காலான் கெம்பாஸ், அப்புறம் லிங்கி, ஆற்றைக் கடந்தால் மலாக்கா மாநிலம். இந்த வழியில் காரோட்டிப் போகிறவர்களின் கண்ணில் செம்பனையைத் தவிர வேறொன்றும் படாது. நானும் பலமுறை அப்படிக் கடந்து போனவள்தான்.

இந்த முறை இறங்கியதற்குக் காரணம் ஒரு நேயர். என் வானொலி நிகழ்ச்சிக்கு வாரம் தவறாமல் அழைக்கும் பாட்டி அவர். ஒருநாள் பாட்டு கேட்டு முடித்தபின், "எங்க தோட்டத்து சர்ச்சுக்கு ஒரு தடவ வா கண்ணு, பதினோரு பேருதான் இருக்கோம், நீ வந்தா பன்னெண்டு" என்றார். இப்படி ஓர் அழைப்பை எப்படித் தட்டுவது? நான் கோயிலுக்குப் போகும் குடும்பத்தில் பிறந்தவள் என்று சொன்னேன். "அதனால என்ன, நாற்காலி கோயிலுதுதான்" என்றார். அங்கே போன பிறகுதான் அது விளங்கியது.

தோட்டத்தின் பெயரையும் தன் பெயரையும் எழுத வேண்டாம் என்று போதகர் கேட்டுக்கொண்டார். அதற்கான காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

லிங்கியைப் பற்றி முதலில் கொஞ்சம். இன்று அமைதியாகக் கிடக்கும் இந்த ஊர் ஒருகாலத்தில் பெரிய வாசல். சுங்கை ஊஜோங் என்று அழைக்கப்பட்ட சிரம்பான் வட்டாரத்தில் தோண்டிய ஈயம் லிங்கி ஆற்றின் வழியாகத்தான் படகேறி மலாக்கா நீரிணைக்குப் போனது. கரையோரத் தலைவர்கள் படகுகளை மறித்து வரி வாங்கினார்கள். அந்த வரிக்காகவே சண்டைகளும் நடந்தன. அதற்கும் முன்னால், 18ஆம் நூற்றாண்டில், டச்சுக்காரர்கள் ஆற்று முகத்துவாரத்தில் கட்டிய பிலிப்பினா கோட்டையின் மிச்சம் இன்றும் கோலா லிங்கியில் இருக்கிறது. 1891இல் சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியதும் ஈயம் ரயிலுக்கு மாறியது. ஆற்றுக்கு வேலை போய்விட்டது.

பெங்காலான் கெம்பாஸில் இறங்கினால் ஷேக் அகமது மஜ்னுன் கல்லறையைப் பார்க்கலாம். அங்குள்ள கல்வெட்டின் காலம் 1467. பக்கத்திலேயே வாள், கரண்டி, சுக்கான் என்று மக்கள் பெயர் வைத்திருக்கும் நெடுங்கற்கள் நிமிர்ந்து நிற்கின்றன. பிள்ளைகளோடு போகிறவர்கள் அரை மணி நேரம் ஒதுக்கலாம்.

தமிழர்கள் இந்தப் பக்கம் பெருவாரியாக வந்தது ரப்பரோடுதான். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்ட்டிக்சன் வட்டாரமெங்கும் காடு அழிந்து கித்தாக்காடு ஆனது. கங்காணிகள் ஊருக்குப் போய் உறவுமுறையோடு ஆட்களைக் கூட்டிவந்தார்கள். 1938இல் இந்திய அரசு தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தும்வரை அது நடந்தது. வந்தவர்களில் பெரும்பாலோர் மாரியம்மனையும் முனியாண்டியையும் கூடவே கொண்டுவந்தார்கள். சிலருடைய டிரங்குப் பெட்டியில் வேதாகமம் இருந்தது. தோட்டத்துக் கிறிஸ்தவர் என்றாலே கிராணி, வாத்தியார், டிரஸர் என்று ஒரு பேச்சு நம்மிடையே உண்டு. பால் வெட்டியவர்களிலும் கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். நான் போன சபை அவர்களுடைய வாரிசுகளுடையது.

எண்ணிக்கையில் எப்போதும் சிறுபான்மைக்குள் சிறுபான்மைதான். 2010ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மலேசிய இந்தியர்களில் 86 விழுக்காட்டினர் இந்துக்கள். கிறிஸ்தவர்கள் 6 விழுக்காடு. பிரிக்பீல்ட்ஸில் 1924இல் கட்டப்பட்ட சீயோன் லுத்தரன் ஆலயம், மெதடிஸ்ட் திருச்சபையின் தமிழ் மாநாட்டைச் சேர்ந்த பட்டணத்துச் சபைகள் ஆகியவற்றைப் பற்றி எழுதப்பட்டிருக்கிறது. தோட்டத்துக்குள் ஒரு கூரையின் கீழ் கூடிய சபைகளுக்கு அப்படி வரலாறு எழுத ஆள் இல்லை.

பிரதான சாலையிலிருந்து செம்மண் பாதையில் கொஞ்ச தூரம் உள்ளே போனதும் பத்துப் பன்னிரண்டு லயத்து வீடுகள். பாதிக்குமேல் பூட்டிக் கிடக்கின்றன. மீதியில் சிலவற்றில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். முனையில் மாரியம்மன் கோயில், எதிர்ப்பக்கம் வேப்பமரம், அதை ஒட்டித் தகரக் கூரை போட்ட நீளமான அறை. அதுதான் தேவாலயம். சுவரில் முன்பு வரைந்த வாத்தும் முயலும் வெள்ளையடித்த பிறகும் மங்கலாகத் தெரிகின்றன. "ஆயா கொட்டகைமா இது. நம்ம பாட்டிங்கள்ல ரெண்டு பேரு இதே எடத்துல தொட்டில்ல கெடந்தவங்க" என்றார் போதகர்.

உள்ளே வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒவ்வொன்றின் முதுகிலும் சிவப்புச் சாயத்தில் 'ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயம்' என்று எழுதியிருந்தது. தீமிதித் திருவிழாவுக்கு வாங்கியவை. கோயிலுக்கு நாற்காலி, சர்ச்சுக்குக் கூடாரம். ஒருவர் வீட்டில் சாவு விழுந்தால் இரண்டும் அந்த வீட்டு வாசலுக்குப் போகும். இப்படி ஒரு பங்கீடு எந்தக் காலத்தில் யார் செய்தது என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள்.

ஒன்பதரைக்கு ஆராதனை. வந்தவர்களை எண்ணினேன்: ஆறு பாட்டிமார், ஒரு தாத்தா, ஒரு நடுவயதுத் தம்பதி, அவர்களுடைய மூன்றாம் படிவத்து மகன், கையில் வயர்கூடையோடு போதகரின் மனைவி. பையன் கீபோர்டு வாசிக்கிறான். தாளத்தைப் பெட்டியே போட்டுக்கொள்ளும். சில பாட்டுக்குப் பாட்டிமார் மெதுவாகப் பாட, தாளம் முன்னால் ஓடிவிடும். அவன் அதை அணைத்துவிட்டு அவர்களோடு சேர்ந்து வருவான். மைக் கிடையாது. தேவையும் இல்லை. குரலை வைத்துப் பிழைக்கிறவள் என்பதால் சொல்கிறேன்: போதகருடைய குரல் வயிற்றிலிருந்து வருகிறது. கடைசி வரிசைக்குக் கத்தாமல் பேசத் தெரிந்தவர். கடைசி வரிசை மூன்றாவது வரிசைதான் என்பது வேறு.

அன்றைய பிரசங்கம் சாறிபாத் விதவையைப் பற்றி. கையிலிருக்கும் கடைசி மாவையும் எண்ணெயையும் வைத்து மகனுக்கும் தனக்கும் சமைக்க இருந்தவளிடம் எலியா தீர்க்கதரிசி போய் எனக்கும் கொடு என்று கேட்கும் கதை. நான் கேட்ட பிரசங்கங்களில் மாவு குறையாமல் போன அற்புதத்தில்தான் எல்லாரும் நிற்பார்கள். இவர் அங்கே போகவே இல்லை. இல்லாதவளிடம் போய்க் கேட்க வேண்டிய நிலை எலியாவுக்கு எவ்வளவு கூச்சமாக இருந்திருக்கும் என்று கால் மணி நேரம் பேசினார். பாட்டிமார் தலையாட்டிக்கொண்டே கேட்டார்கள். காணிக்கைப் பை சுற்றி வந்தபோதுதான் அந்தப் பிரசங்கம் அவருடைய சொந்தக் கதை என்று எனக்கு உறைத்தது. அந்தப் பையில் விழுந்த பணம் அவருடைய வேனுக்கு ஒரு தடவை எண்ணெய் ஊற்றத்தான் காணும்.

ஆராதனை முடிந்ததும் மீகூனும் தே ஓவும். "மொதல்ல பசியாறும்மா, அப்புறம் கேள்வி கேளு" என்று என்னை உட்கார வைத்துவிட்டார் பாஸ்டரம்மா. கூடையில் வந்தது அந்த மீகூன்தான். போர்ட்டிக்சனில் ஒரு தங்கும் விடுதிச் சமையலறையில் வேலை செய்கிறார். வீட்டின் நிலையான வருமானம் அவருடையது. போதகர் திங்கள் முதல் வெள்ளி வரை பள்ளி வேன் ஓட்டுகிறார். 2025 பிப்ரவரியில் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆனது. சபையும் தலைமையகமும் சேர்ந்து இவருக்குக் கொடுப்பது அதில் பாதியைத் தொடவில்லை. ஊழியர் சேமநிதிக் கணக்கு இருக்கிறது. செனவாங் தொழிற்சாலையில் வேலை பார்த்த காலத்துப் பணம் அதில் கிடக்கிறது. இருபத்தெட்டு வயதில் அந்த வேலையை விட்டுவிட்டு வேதாகமப் பள்ளிக்குப் போனவர். இப்போது ஐம்பத்தைந்து.

"எதிர்பார்த்த மாதிரி இருக்கா பாஸ்டர்?"

சிரித்தார். "நான் பெரிய சபை கட்டுவேன்னு நெனச்சேன்மா. நெனக்காம யாரு போவா? வந்தப்போ நாப்பத்தி மூணு பேரு. நான் வந்து குறைஞ்சதுதான் மிச்சம்."

ஆள் குறைந்ததற்கு அவர் காரணமில்லை என்பது தோட்ட வரலாறு தெரிந்தவர்களுக்கு விளங்கும். சுதந்திரத்தையொட்டிய ஆண்டுகளில் பல தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன. பிறகு ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டார்கள்; அதற்கு அத்தனை கைகள் வேண்டியிருக்கவில்லை. 1981 செப்டம்பர் 7ஆம் தேதி லண்டன் பங்குச் சந்தையில் ஒரே காலையில் கத்ரி நிறுவனம் மலேசியர் கைக்கு வந்ததை நாடே கொண்டாடியது. லயத்தில் இருந்தவர்களுக்கு அதனால் பெரிய மாற்றம் எதுவும் வரவில்லை. பிள்ளைகள் சிரம்பானுக்கும் கிள்ளானுக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். முதலில் டிரஸர் போனார். அப்புறம் ஆயா கொட்டகையை மூடினார்கள். கிராணி ஆபீஸ் வேறு தோட்டத்தோடு சேர்க்கப்பட்டது. கள்ளுக்கடை போனதைப் பற்றி மட்டும் யாரும் வருத்தப்படவில்லை, தாத்தாவைத் தவிர.

கடிதம் எழுதித் தர, மருந்துச் சீட்டைப் படித்துச் சொல்ல, சமூகநல இலாகா பாரம் நிரப்ப அந்தக் காலத்தில் தோட்டத்தில் யாராவது ஒருவர் இருந்தார். இப்போது அந்த வேலை எல்லாம் இவர் தலையில். கோயிலுக்குப் போகும் குடும்பங்களும் இவரிடம்தான் வருகின்றன. நான் இருந்த இரண்டு மணி நேரத்துக்குள் ஒரு அம்மா மின்கட்டணச் சீட்டோடும், ஒரு இளைஞன் கைப்பேசியில் வந்த மலாய்க் கடிதத்தோடும் வாசலில் நின்றார்கள். இருவர் நெற்றியிலும் திருநீறு.

மதமாற்றம் என்றால் நம் சமூகத்தில் சூடு கிளம்பும். அதனால் கோயில் பூசாரியிடம் நேராகவே கேட்டேன். எழுபதைத் தாண்டியவர், வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: "அவரு ஆள் பிடிக்க வந்தவரா இருந்தா இத்தன வருசத்துல அம்பது பேராச்சும் சேர்ந்திருக்கணும்ல? இருக்கிறவங்களையே புடிச்சு வைக்க முடியல, பாவம்." இதை அவர் போதகருக்கு முன்னாலேயே சொன்னார். போதகரும் மறுக்கவில்லை.

இருக்கிறவர்களைப் பிடித்துவைக்க முடியாத கதையும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஐந்து பேர் கொண்ட ஒரு குடும்பம் பட்டணத்துப் பெரிய சபைக்குப் போய்விட்டது. அங்கே பெரிய திரை, டிரம்ஸ், பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு. காணிக்கையில் பாதி அந்த ஒரு வீட்டிலிருந்து வந்துகொண்டிருந்தது. "கோவமா?" என்று கேட்டேன். "மொத மாசம் கோவம். அப்புறம் யோசிச்சேன், எனக்குப் பொண்ணு இருந்தா நானும் அந்த மாதிரி வகுப்புக்குத்தான அனுப்புவேன்னு. ஆனா ஞாயித்துக்கெழம அந்த அஞ்சு நாற்காலிய எடுத்து உள்ள அடுக்கினேன் பாருங்க, அன்னிக்கு ஜெபம் வரல. வாய்தான் அசைஞ்சுச்சு." அவருடைய மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தார். இதை அவரிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை போலிருக்கிறது.

சிறு சபைக்காரர்கள் ஆறுதலுக்குப் பிடித்துக்கொள்ளும் ஒரு வசனம் மத்தேயு பதினெட்டாம் அதிகாரத்தில் இருக்கிறது. அதை இங்கே அடிக்கடி பிரசங்கிப்பீர்களா என்றேன். "அது பக்கமே போறதில்லமா. கொறஞ்சுட்டோம்னு ஒவ்வொரு வாரமும் ஞாபகப்படுத்துற மாதிரி இருக்கும்."

தரங்கம்பாடியில் 1733 டிசம்பர் 28ஆம் தேதி போதகராக அபிஷேகம் பெற்ற ஆரோன் அவருடைய பேச்சில் இரண்டு முறை வந்தார். கடலூரில் ஆறுமுகம் என்ற பெயரில் வளர்ந்தவர். தமிழர்களில் முதல் புரொட்டஸ்டண்ட் போதகர். ஐரோப்பிய மிஷனரிகள் தஞ்சை மன்னரின் நாட்டுக்குள் எளிதில் போக முடியாத காலம் அது. சிதறிக் கிடந்த கிராமங்களில் நாலு பேர், ஆறு பேர் என்று இருந்த விசுவாசிகளை ஆரோன் ஊர் ஊராகப் போய்ப் பார்த்தார். 1745இல் இறந்தார். "அவரு கணக்குல பாத்தா நான் சொகுசுக்காரன். எனக்கு வேன் இருக்கு, ஏர்கான் மட்டும்தான் வேல செய்யாது" என்றார் போதகர்.

இப்போது பெயர் வேண்டாம் என்ற விஷயத்துக்கு வருகிறேன். ஆயா கொட்டகையைச் சபைக்குக் கொடுத்தது முன்பிருந்த ஒரு மானேஜர். வாய்ச்சொல்தான், காகிதம் ஒன்றும் இல்லை. தோட்டக் கோயில்கள் பலவற்றுக்கும் இதே கதி என்பது வாசகர்களுக்குத் தெரியும். கட்டியபோது யாரும் பட்டா கேட்கவில்லை. நிலம் கைமாறும்போதுதான் காகிதம் தேடுகிறோம். இந்தத் தோட்டத்தில் அளவைக் கற்கள் நட ஆட்கள் வந்து போயிருக்கிறார்கள். அறிவிப்பு எதுவும் இன்னும் வரவில்லை. பத்திரிகையில் பெயர் வந்து, பேசி முடிக்கக்கூடிய ஒரு விஷயம் முறுக்கிக்கொண்டு போய்விடக் கூடாது என்று அவர் நினைக்கிறார். எனக்கு அதில் உடன்பாடில்லை. சத்தம் போட்டால்தான் காது கேட்கும் என்பது என் கட்சி. ஆனால் நாளைக்கு அங்கே குடியிருக்கப் போவது நான் இல்லையே.

இதற்கிடையே தலைமையகம் வேறொரு யோசனை சொல்லியிருக்கிறது. சபையை மூடிவிட்டு எல்லாரும் போர்ட்டிக்சன் சபையோடு சேர்ந்துகொள்ளலாம். போதகருக்கு அங்கே உதவிப் போதகர் வேலை, ஓரளவு நல்ல சம்பளம், தங்க வீடு. கணக்குப் பார்த்தால் சரியான யோசனைதான். அவர் மனைவிக்கும் வேலைக்குப் போக வசதி. இரண்டு மாதமாகப் பதில் எழுதாமல் வைத்திருக்கிறார்.

"பாட்டிங்கள ஞாயித்துக்கெழம வேன்ல ஏத்திக்கிட்டுப் போயிடலாம், அது பெரிசில்ல. செவ்வாக்கெழம ராத்திரி பாட்டிக்கு மூச்சு வாங்கினா? நான் போர்ட்டிக்சன்ல இருந்து வர்றதுக்குள்ள…" என்று நிறுத்தினார். சிரம்பான் துவாங்கு ஜாபார் மருத்துவமனைக்கு இங்கிருந்து முக்கால் மணி நேரமாவது ஆகும். 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது சபை மாதக்கணக்கில் மூடிக் கிடந்தது. அந்த நாட்களில் அவர் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, சன்னலுக்கு வெளியிலிருந்து ஜெபம் சொல்லிவிட்டு, மருந்துப் பையை வேலியில் மாட்டிவிட்டு வந்திருக்கிறார். "அப்பதான்மா எனக்குத் தெரிஞ்சுது, நான் இங்க பிரசங்கம் பண்றதுக்கு இல்லன்னு."

என்னை அழைத்த பாட்டிக்கு வயது எண்பத்தொன்று. தாத்தாவைச் சயாம் ரயில் பாதை வேலைக்கு ஜப்பான்காரன் கொண்டுபோனான், திரும்பவில்லை. அப்பா இந்தத் தோட்டத்திலேயே செத்தார், கணவரும் இங்கேதான். மகன் பூச்சோங்கில் அடுக்குமாடி வீடு வாங்கிக் கூப்பிடுகிறான். போய் ஒரு வாரம் இருந்துவிட்டு வந்துவிட்டார். "அங்க சன்னலத் தொறந்தா இன்னொரு சன்னல் கண்ணு." போதகரைப் பற்றிக் கேட்டேன். குரலைத் தாழ்த்தி, "அவரப் போகச் சொல்லு. நாங்க சொன்னா கேக்க மாட்டாரு, நீ ரேடியோகாரி, நீ சொன்னா கேப்பாரு. அந்தப் பொண்ணு எத்தன வருசம் பஸ் புடிச்சு ஓடும்?" என்றார். இதைப் போதகரிடம் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்து, சொல்லிவிட்டேன். "எனக்கும் சொல்லியிருக்காங்க. சொல்லிட்டு மறுநாளு, வேன் எத்தன மணிக்குன்னும் கேப்பாங்க" என்றார்.

புறப்படும் முன் தகர அலமாரியைத் திறந்து இரண்டு பதிவேடுகளைக் காட்டினார். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம். துணி அட்டை, கறையான் அரித்த ஓரம், வெவ்வேறு போதகர்களின் கையெழுத்து. பிறப்புப் பத்திரம் இல்லாமல் அடையாள அட்டைக்கு அலையும் தோட்டத்துப் பிள்ளைகளின் கதை நாம் அறிந்ததுதான். அப்படிப்பட்ட ஒருவருக்குத் துணை ஆவணமாகக் காட்ட இந்தப் பதிவேட்டின் ஒரு பக்கத்தை நகலெடுத்து, கையொப்பமிட்டுக் கொடுத்திருக்கிறார். தேசியப் பதிவிலாகாவில் அந்த விண்ணப்பம் இன்னும் இருக்கிறது. அடக்கப் பதிவேட்டில் கடைசியாக எழுதியிருந்த நாலு பெயர்களும் அவர் கையெழுத்தில். சபை மூடினால் இவை தலைமையகத்துக்குப் போகும், பத்திரமாக இருக்கும், அதில் அவருக்குச் சந்தேகமில்லை. ஆனால் தேடி வருகிறவர் கோலாலம்பூர் வரை போக வேண்டும்.

பதிவேட்டை ஒவ்வொரு பக்கமாகக் கைப்பேசியில் படம் எடுத்துவைக்கலாமே என்றேன். பாதி எடுத்துவிட்டதாகச் சொன்னார். கீபோர்டு பையன் உதவுகிறானாம். வேனில் ஏறப் போனவரிடம் தலைமையகத்துக்கு என்ன பதில் எழுதப் போகிறீர்கள் என்று கடைசியாகக் கேட்டேன். வருஷக் கடைசி வரை தவணை கேட்டு எழுதப் போவதாகச் சொன்னார். கிறிஸ்துமஸ் கீதப் பவனிக்குக் கோயில் பக்கத்து வீடுகளிலிருந்தும் முறுக்கு வரும், அதை விட்டுவிட்டுப் போக முடியாது என்று சிரித்தார். தாத்தாவுக்கு வாரம் மூன்று நாள் ரத்தச் சுத்திகரிப்பு. மறுநாள் திங்கள். காலை ஐந்து மணிக்கு வேன் அவர் வாசலில் நிற்க வேண்டும். ஆறரைக்குள் திரும்பி வந்து பள்ளிப் பிள்ளைகளை ஏற்ற வேண்டும். பின்சக்கரத்தில் காற்று குறைவாக இருக்கிறது, லிங்கி எண்ணெய் நிலையம் வரை போய் வந்துவிடுகிறேன் என்று கிளம்பினார்.